ஏக்கம் என்னும் பக்க விளைவு

ஜனவரி 12

பல்லழகிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். இறங்கும்போது ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இருபது வருடமாக நீ செய்வதைத்தான் அவரும் செய்தார் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

அறை சிறியது. ஒரு கட்டில், ஒரு மேசை, திறக்க முடியாத ஒரு ஜன்னல். வெளியே வண்டிகள் நிற்கின்றன. எண்ணினேன், நாற்பத்தொன்று. திரும்ப எண்ணினேன், முப்பத்தொன்பது. இந்த லட்சணத்தில்தான் நான் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து விமானங்களை இறக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் இன்னும் தொண்டையில் நிற்கிறது. இரண்டு விமானங்களுக்கு ஒரே உயரத்தைச் சொன்னேன். சொன்னதுகூட எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் கவனித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். நீதான் சொன்னாய்: "வேலைய விட்டுட்டு வீட்ல உட்கார்ந்தா நீங்க இருக்கவே மாட்டீங்க. மூளையில வெக்கறாங்களே, அந்தக் கருவிய வெச்சுக்கோங்க. நான் கையெழுத்துப் போடறேன்." நாலு பக்கப் படிவம். நீ நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த ஆராய்ச்சி நிலையத்தில் விதிகள் கடுமை. ஒரு வருடத்துக்குத் தொலைபேசி கிடையாது. யாரும் பார்க்க வரவும் கூடாது. வீட்டுக் குரல் கேட்டால் மூளையின் அளவீடுகள் கலைந்துவிடுகின்றனவாம். கடிதம் மட்டும் எழுதலாம்.

வியாழக்கிழமை அறுவை. காதுக்குப் பின்னால் சின்னத் துளை போட்டு முடியைவிட மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விடுவார்கள். "கவனம் கூடும், ஞாபகம் கூடும்" என்றார் மருத்துவர் அம்மா. "எது குறையும்?" என்று கேட்டேன். "அத அப்புறம் பார்ப்போம்" என்று சிரித்தார்.

பயமாக இருக்கிறது. நம் வாயாடியிடம் சொல்லாதே. அப்பா சிங்கம் மாதிரி போனார் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். நீ பக்கத்தில் இருந்தால் இந்தப் பயத்தில் பாதியை உன் தலையில் கட்டியிருப்பேன்.

உன்
நான்

ஜனவரி 27

என்னவருக்கு,

அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அந்த நிலையத்திலிருந்து ஒரு வரி அனுப்பினார்கள். ஒரே ஒரு வரி! நம் வீட்டுக் குழாயைச் சரிசெய்தவரே அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார்.

பல் செய்யும் கூடத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. இந்த வாரம் பதினேழு பல். ஒரு பாடகருக்கு முன்பல் நாலும் செய்ய வேண்டும். "பல்லுக்கு நடுவுல இருக்கற சந்த மட்டும் அடைச்சிடாதீங்க, என் குரலே அதுலதான் வருது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மெழுகில் நாலு தடவை செய்து நாலு தடவை அழித்துவிட்டேன்.

படிவத்தை நான் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அதனால்தான் படிக்கவில்லை. நீங்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை இன்னொரு நாள் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

வாயாடி கேட்கிறாள், "அப்பா தலைக்குள்ள பாட்டுக் கேட்குமா?" கேட்கும், ஆனால் பழைய பாட்டுத்தான் என்று சொல்லி வைத்தேன். கணக்குத் தேர்வில் மறுபடியும் தேறவில்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுகிறாள், பிறகு அழுதுகொண்டே போடுகிறாள். பார்க்க முடியவில்லை.

காலையில் உங்கள் கண்ணாடியைத் தேடும் வேலை இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று சும்மா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இதைப் போய் எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு அது வேண்டும்.

உங்கள்
பல்லழகி

ஏப்ரல் 5

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதங்கள் ஐந்தும் கிடைத்தன. தாமதத்துக்குக் காரணம் பயிற்சி. இப்போது எனக்குக் கண்ணாடி தொலைவதில்லை. எந்தப் பொருளை எங்கே வைத்தாலும் அது வைத்த இடத்தோடு மனதில் நிற்கிறது.

பக்கத்து அறைக்காரரின் மொழியை ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டேன். மார்ச் முதல் இந்த ஊர் விமான நிலையத்தில் கண்காணிப்போடு வேலை செய்கிறேன். தினமும் காலையில் கருவியின் அளவைச் சரிபார்க்க ஒருவர் வருகிறார். வழுக்கைத் தலை, பேசவே மாட்டார். மற்றவர்கள் அவரைத் திருகாணி என்கிறார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மூடுபனி. என் பொறுப்பில் பதினான்கு விமானங்கள். ஒரு விமானி நான் சொன்ன உத்தரவைத் திருப்பிச் சொல்லும்போது விமானத்தின் அழைப்புப் பெயரில் ஓர் எழுத்து மாறியது. வேறு ஒருவருக்குச் சொன்னதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் இறங்கத் தொடங்கியிருந்தார். பதினான்கு விமானங்களும் அப்போது என் மனதில் தனித்தனியாக நின்றன. உடனே ஏறச் சொன்னேன். அவருடையதும் கீழே வந்த இன்னொன்றும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கடந்து போயின. இரண்டிலும் சேர்த்து நானூற்றுப் பதினாறு பேர்.

மேலதிகாரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் அவரை விலக்கிவிட்டு அடுத்த விமானத்தைக் கூப்பிட்டேன். இடைவேளையில் சாப்பிட்டேன்.

ஆகவே நாம் எடுத்த முடிவு சரியானது. இதை நீ அறிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு
உன் கணவன்

ஏப்ரல் 18

என்னவருக்கு,

நானூற்றுப் பதினாறு பேர். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழுதேன். பெருமையில்தான் அழுதேன். அந்த நானூற்றுப் பதினாறு பேருக்கும் வீட்டில் யாராவது காத்திருந்திருப்பார்கள் அல்லவா? அன்று என்ன நடந்தது என்றே தெரியாமல் கதவைத் திறந்து, "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று சண்டை போட்டிருப்பார்கள்.

மறுநாள் கூடத்தில் எல்லோருக்கும் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். படிப்பதற்கு முன்னால், எனக்கென்று எழுதிய வரிகளை மட்டும் தாண்டிவிடலாம் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். தாண்ட வேண்டிய வரி ஒன்றுகூட இல்லை. முழுக் கடிதத்தையும் உரக்கப் படித்தேன்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வேலை அதிகமாக இருக்கும். களைத்திருப்பீர்கள்.

பாடகர் வந்து பல்லைப் பொருத்திப் பார்த்தார். கூடத்தின் நடுவே நின்று இரண்டு வரி பாடினார். சந்து சரியாக இருக்கிறதாம்.

வேறு என்ன? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

பல்லழகி
(அப்படித்தான் கூப்பிடுவீர்கள்)

மே 22

அன்புள்ள மனைவிக்கு,

மகளின் பிறந்தநாள் வாழ்த்து சரியான தேதியில் வந்து சேர்ந்திருக்கும்.

தனக்கும் கருவி வேண்டும் என்று அவள் எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். பதினாறு வயது நிறைந்த மாணவர்களுக்கு இந்த நிலையம் ஒரு சிறிய கருவியைப் பொருத்தத் தொடங்கியிருக்கிறது. பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும். நான் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். படிவம் இத்துடன் உள்ளது. நீ கையெழுத்திட்டால் ஜூலையில் அவளுக்கு இடம் கிடைக்கும்.

காரணங்கள்: அவள் வகுப்பில் ஏற்கெனவே ஆறு பேர் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். அவள் அவர்களோடுதான் போட்டியிட வேண்டும். அவளுடைய உழைப்புக்குக் குறைவில்லை, ஞாபகத்துக்குத்தான் குறைவு. கருவி எனக்கு வேலை செய்கிறது. நூற்றில் மூவருக்கு மட்டுமே வலிப்பு வந்திருக்கிறது.

நீ மறுப்பாய் என்றால் அதற்குப் பயத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. பயம் ஒரு காரணம் ஆகாது.

இப்படிக்கு
உன் கணவன்

ஜூன் 3

உங்களுக்கு,

படிவத்தை இந்தத் தடவை படித்தேன். நாலு பக்கத்தையும் படித்தேன். கையெழுத்துப் போட மாட்டேன்.

வாயாடியிடம் சொன்னேன். "அப்பாவுக்கு மட்டும் நல்ல மூளை வேணும், எனக்கு வேணாமா?" என்றாள். "உனக்கு என்னடி குறை?" என்றேன். "முதல் பெஞ்ச்ல இருக்கறவ ஒரு தடவை படிச்சா போதும். நான் பத்துத் தடவை படிக்கறேன். நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லும்மா!" அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாள்.

நூற்றில் மூவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூவருக்கும் அம்மா உண்டு.

பிறந்தநாள் வாழ்த்து சரியான தேதியில் வந்தது. பதினாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் தள்ளி ஞாபகம் வந்து, பாதி வழியில் வண்டியைத் திருப்பி, கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று நீங்கள் போடும் கூத்துக்காகவே அவள் காத்திருப்பாள். போன வருடம் ஒரு குடையும் இரண்டு கிலோ ஆப்பிளும். இந்தத் தடவை அட்டையைப் பார்த்தாள், "ஓ" என்றாள், மேசையில் வைத்துவிட்டாள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கும், கருவி நல்ல கருவிதான். நான் பக்கத்தில் இல்லாதது உங்களுக்கு வலிக்கிறதா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். காரணமெல்லாம் வேண்டாம்.

ஜூன் 15

அன்புள்ள மனைவிக்கு,

உன் கேள்விக்கு உண்மையான பதில் எழுத வேண்டும் என்பதால் சோதித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலில் உட்கார்ந்து கால் மணி நேரம் உன்னை நினைத்தேன். உன் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு மாவு தெரிந்தது. சிரிப்பதற்கு முன்னால் நீ மூக்கைத் தேய்ப்பாய், அதுவும் தெரிந்தது. திருமணமான புதிதில் நாம் இருந்த வீட்டின் மாடிப்படிகள் பத்தொன்பது, அதில் ஏழாவது படி ஆடும். எல்லாம் சரியாக இருந்தது. நானும் காத்திருந்தேன்.

வலிக்கவில்லை.

மருத்துவர் அம்மாவிடம் கேட்டேன். "இந்தக் கருவி மனசு அலையறத நிறுத்துது. ஒருத்தர நெனச்சு ஏங்கறதும் ஒரு அலைச்சல்தானே?" என்றார். "அது படிவத்துல இருந்துதா?" என்றேன். மூன்றாம் பக்கத்தில், கீழே, சின்ன எழுத்தில் இருந்ததாம். நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன். அன்று அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

இதற்காக வருந்த வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. பக்கத்து ஊரில் மழை என்று செய்தியில் கேட்பது போலத் தெரிகிறது. நனையவில்லை.

என் மகளுக்கு எதைக் கொடுக்கக் கையெழுத்திட்டேன் என்பதை நான் தெரிந்துகொண்டாக வேண்டும். பத்து நாளைக்குக் கருவியின் அளவைப் பாதியாகக் குறைக்கும்படி கேட்டிருக்கிறேன். வேகமாகக் குறைத்தால் ஆபத்து என்கிறார்கள். ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுவரை நீ எதிலும் கையெழுத்திடாதே.

இப்படிக்கு
உன் கணவன்

ஜூலை 2

என்னவருக்கு,

பதினேழு நாளாகிவிட்டது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பல்லைக் கீழே போட்டுவிடுகிறேன். நேற்று ஒன்று உடைந்தே போனது.

நிலையத்துக்கு எழுதினேன். "நோயாளி கண்காணிப்பில் உள்ளார்" என்று பதில் வந்தது. போகும்போது உங்களுக்கு நோய் இல்லையே! எப்போதிலிருந்து நோயாளி?

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வலிக்காவிட்டால் போகட்டும். என்னிடம் இரண்டு பேருக்கும் போதுமான அளவு இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எந்த அளவில் இருந்தாலும் சரி, இருந்தால் போதும். ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் ஒரு கோடு கிழித்து அனுப்புங்கள். உங்கள் கோடு எனக்குத் தெரியும்.

பல்லழகி

ஜூலை 14

பல்லழகி,

எழுத்துக் கோணலாக இருக்கும். கை இன்னும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது.

அளவைக் குறைத்த மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. குளியலறையில் விழுந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் இன்னும் இரண்டு தடவை வந்ததாம், எனக்குத் தெரியாது. நூற்றில் மூவரில் ஒருவன் நான்தான்.

சில சொற்கள் வருவதில்லை. நேற்று, தலையைச் சீவுவோமே, அந்தச் சாமானுக்குப் பெயர் வரவில்லை. கையைக் காட்டிக் கேட்டேன். நர்ஸ் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் இதைக் கேள். நாலு நாளைக்கு முன்னால் தாழ்வாரத்தில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன். திருகாணி பக்கத்தில் வந்தார். ஒரு வருடம் முடித்த ஒருவரின் அறையில், அவரைப் பார்க்க வந்த யாரோ ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம், "சாப்டீங்களா இல்லையா? பொய் சொல்லாதீங்க" என்றார். உன் குரல்கூட இல்லை அது. கீச்சுக் குரல். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆறு மாதத்துக்கும் சேர்த்து அழுதேன். மூச்சு முட்டியது. திருகாணி தன் நோட்டை எடுத்து, நேரத்தைப் பார்த்து, "பக்க விளைவு" என்று எழுதினார். பிறகு என்ன நினைத்தாரோ, நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நீ கேட்டாயே. வலிக்கிறது. நன்றாக வலிக்கிறது.

மகளின் படிவத்தில் என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவளிடம் சொல், அப்பா பேச்சு மாறிவிட்டார் என்று. என்னைத் திட்டட்டும்.

இனி அளவைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் ரேடார் வேலை போய்விட்டது. விமானங்களின் பயணத் திட்டத் தாள்களைச் சரிபார்க்கும் மேசை ஒன்று தருவார்களாம். முழுவதும் எடுத்துவிட்டால் இன்னும் ஆபத்து, ஆகவே கம்பி உள்ளேதான் இருக்கும்.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. அந்த மூடுபனிக் காலையில் நான் இப்போதிருக்கும் ஆளாக இருந்திருந்தால் அந்த நானூற்றுப் பதினாறு பேர் என்ன ஆகியிருப்பார்கள்? இதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நீயும் சொல்லாதே.

உன்
நான்

ஜூலை 22

என்னவருக்கு,

அந்தச் சாமானுக்குப் பெயர் சீப்பு. மற்ற சொற்களையும் எழுதி அனுப்புங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வீட்டில் சும்மாதான் கிடக்கின்றன.

உங்கள் கடிதத்தை வாயாடிதான் முதலில் பிரித்தாள். உறையில் இருந்த கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிட்டாளாம். பாதி படித்ததும் என்னிடம் கொண்டு வந்து கொடுத்தாள். "அப்பாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமாம்மா?" என்றாள். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அவள் மனது மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். "பதினெட்டு ஆகட்டும், நானே கையெழுத்துப் போட்டுக்கறேன்" என்கிறாள். அவள் வகுப்பில் இப்போது ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். அவள் சொல்வதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடம் இருக்கிறது, சண்டை போட்டுக்கொண்டே இருப்போம்.

என் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்களை அனுப்பியது நான். இதை நேரில் சொன்னால்தான் மனது ஆறும்.

நீங்கள் சோதனையிலிருந்து விலகியதால் இனி பார்க்க வரலாமாம். நிலையத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள், இந்தத் தடவை முழுதாக அரைப் பக்கம். ஆகஸ்ட் ஆறாம் தேதி வரலாம், அதற்கு முன்னால் சில அளவீடுகள் பாக்கி, அதுவரை தொலைபேசியும் கூடாது என்கிறார்கள். கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன். இருவரும் வருகிறோம். காலை ரயில்.

மெலிந்திருப்பீர்கள். அதைப் பார்த்து நான் ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்லழகி

ஜூலை 26

பல்லழகி,

உன் கடிதம் காலையில் வந்தது. ஆகஸ்ட் ஆறு என்றால் இன்னும் பதினொரு நாள். விரல் விட்டு எண்ணினேன், இரண்டு தடவையும் அதே கணக்கு வந்தது.

ஒன்று சொல்கிறேன், என்னைப் பைத்தியம் என்று நினைக்காதே. முன்கூட்டி வந்துவிடாதே. ஆறு மாதம் உன்னை நினைத்து ஏங்க வேண்டியவன் நான், ஏங்காமலே இருந்துவிட்டேன். இந்தப் பதினொரு நாளாவது எனக்கு முழுசாக வேண்டும். காலையில் எழுந்ததும் நெஞ்சில் ஏதோ கனக்கிறது, என்ன இது என்று ஒரு நொடி யோசிக்கிறேன், பிறகு நீதான் என்று தெரிகிறது. அந்த ஒரு நொடிக்காகச் சீக்கிரமாகவே எழுந்துவிடுகிறேன். மருத்துவர் அம்மா மாத்திரை தரட்டுமா என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

ஆகவே நிதானமாக, குறித்த நாளில் வா.

மேலே இருப்பது மதியம் எழுதியது. இப்போது மாலை ஐந்து மணி. உறையை ஒட்டி, தபால் பெட்டி வரை நடந்து போனேன். போட மனது வரவில்லை. திரும்பி வந்து பிரித்துவிட்டேன்.

மதியம் எழுதியதை விட்டுவிடு. வயதான ஆள் ஏதோ பெரிய மனுஷத்தனமாக உளறிவிட்டேன். பதினொரு நாள் எனக்குத் தாங்காது. அளவீடு, விதி எல்லாவற்றையும் இங்கே நான் சண்டை போட்டுச் சமாளித்துக்கொள்கிறேன். இதைப் படித்து முடித்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பு. பெட்டி கட்டக்கூட நிற்காதே.

உன்
நான்